தோற்கிற அணியும் மூன்று கடிகாரங்களும்: பேஸ்பாலில் மேனேஜர், இன்ஃபீல்டு, டிரேடு

பேஸ்பால் பார்க்க ஆரம்பித்த புதிதில் எனக்குக் கடைசி வரை விளங்காமல் இருந்த சொல் 'மேனேஜர்'. கிரிக்கெட்டில் அணி மேனேஜர் என்றால் கூடவே பயணம் போய், ஓட்டல் அறை, பேருந்து, சாப்பாடு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்பவர். அணி தோற்றால் அவரை யாரும் திட்டுவதில்லை. அமெரிக்க பேஸ்பாலில் ஓர் அணி நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் முதலில் எழும் குரலே 'மேனேஜரைத் தூக்கு' என்பதுதான். ஓட்டல் அறை சரியில்லாததற்கா இவ்வளவு கோபம் என்று நினைத்திருக்கிறேன்.

அந்தக் குரலுக்குப் பின்னாலேயே இன்னும் இரண்டு வரும். 'அந்த ஷார்ட்ஸ்டாப்பை மாற்று.' 'யாரையாவது டிரேடு பண்ணு.' ரசிகர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள், மூன்றும் ஒரே வகை மருந்து போல. நாளைக் காலைக்குள் மூன்றும் பலிக்க வேண்டும் என்றும் எதிர்பார்ப்பார்கள்.

உண்மையில் இவை மூன்றும் வெவ்வேறு வேகத்தில் ஓடும் கடிகாரங்கள். மேனேஜரின் முடிவு இன்று இரவு ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். இன்ஃபீல்டில், அதாவது ஷார்ட்ஸ்டாப் போன்றவர்கள் பேஸ்களை ஒட்டி நின்று பந்தைத் தடுக்கும் உள்வட்டத்தில், செய்யும் மாற்றம் தெரிய ஒரு சீசன் ஆகும். டிரேடு, அதாவது அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது, நல்லதா கெட்டதா என்று சொல்லப் பத்து வருடம்கூட ஆகலாம். ஒரு கடிகாரத்தைப் பார்த்து இன்னொன்றின் நேரம் சொல்வதால்தான் இந்த விவாதங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன.

இதை விளக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் 1988ஆம் வருடம். அந்த அணி சீசனின் முதல் 21 ஆட்டங்களையும் தோற்றது. ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

முதலில் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி

ஒரு சதுரம். நான்கு மூலைகளில் நான்கு பேஸ். ஒவ்வொரு பக்கமும் 90 அடி. ஒரு மூலையில் பேட்டர் நிற்கிறார். நடுவில் மேட்டில் நின்று பிட்சர் பந்தை எறிகிறார். அடித்ததும் பேட்டர் முதல் பேஸுக்கு ஓட வேண்டும். பந்து தரையில் உருண்டால், அதை எடுத்து அவருக்கு முன்னால் முதல் பேஸுக்கு எறிந்துவிட்டால் அவுட். மூன்று அவுட் ஆனால் அடுத்த அணியின் முறை. இப்படி ஒன்பது இன்னிங்ஸ். நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன்.

இந்த விவாதத்துக்கு ஆட்ட விதிகளை விட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது: 162. ஒரு சீசனில் ஓர் அணி ஆடும் ஆட்டங்கள் அத்தனை. மார்ச் கடைசி முதல் செப்டம்பர் வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். பேஸ்பாலில் ஒரு பழைய பேச்சு உண்டு: எந்த அணியும் 54 ஆட்டம் ஜெயிக்கும், எந்த அணியும் 54 ஆட்டம் தோற்கும், மிச்சமுள்ள 54இல் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. 1988 ஓரியோல்ஸ் மொத்தமாக ஜெயித்தது எத்தனை தெரியுமா? சரியாக 54. அதாவது சும்மா கிடைக்கிற பங்கு மட்டும்.

மேனேஜர்: மளிகை வாங்காத சமையல் மாஸ்டர்

கல்யாண வீட்டுச் சமையல் மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பது பெண் வீட்டார். சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவது மாமா. மாஸ்டர் கையில் இருப்பது அடுப்பும் கரண்டியும்தான். கத்தரிக்காய் முற்றலாக இருந்தால் எந்த மாஸ்டர் செய்தாலும் கொத்சு ருசிக்காது. ஆனால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் திட்டுவது மாமாவை அல்ல.

பேஸ்பால் அணியில் பணம் கொடுப்பவர் உரிமையாளர். சந்தைக்குப் போகும் மாமாவின் பெயர் ஜெனரல் மேனேஜர். யாரை வாங்குவது, யாரை விடுவது, யாரை அடுத்த அணிக்கு மாற்றுவது என்று தீர்மானிப்பவர் அவர். வெறும் மேனேஜர் என்பவர் கொடுத்த சாமானை வைத்து ஆட்டத்தை நடத்துபவர். கிரிக்கெட் கேப்டனும் பயிற்சியாளரும் செய்யும் வேலைகளைச் சேர்த்து ஒருவரிடம் கொடுத்தது போல. வயது அறுபதானாலும் ஆட்டக்காரர் மாதிரியே சீருடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு இது இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அவர் என்ன செய்கிறார்? யார் எந்த வரிசையில் பேட் பிடிப்பது என்று எழுதிக் கொடுக்கிறார். யாருக்கு இன்று ஓய்வு என்று பார்க்கிறார். எல்லாவற்றையும் விட முக்கியமாக, களைத்துப்போன பிட்சரை எப்போது வெளியே அழைப்பது, அவருக்குப் பதில் புல்பென்னிலிருந்து யாரைக் கொண்டுவருவது என்று முடிவெடுக்கிறார். புல்பென் என்பது மாற்றுப் பிட்சர்கள் கை சூடேற்றிக்கொண்டு காத்திருக்கும் இடம். அந்த மாற்றுப் பிட்சர்களின் கூட்டத்துக்கும் அதே பெயர்தான். பேஸ்பாலில் ஒருமுறை வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. அதனால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு வழிப் பாதை. தப்பினால் அத்தனை பேருக்கும் தெரியும்.

அவ்வளவு வெளிச்சத்தில் நிற்பதால்தான் அவருடைய பங்கு இருப்பதை விடப் பெரிதாகத் தெரிகிறது. மோசமான மாஸ்டர் நல்ல காயையும் உப்பைக் கொட்டிக் கெடுக்கலாம். ஒரே பிட்சரைத் தினமும் எறியவிட்டு அவர் தோளைக் கெடுத்த மேனேஜர்கள் உண்டு. ஆனால் முற்றல் காயைப் பிஞ்சாக்குவது யாராலும் ஆகாது.

சுருக்கமாக: வாங்குபவர் ஜெனரல் மேனேஜர், சமைப்பவர் மேனேஜர். மேனேஜரின் கடிகாரம் ஓர் இரவின் கடிகாரம்.

ஆறு தோல்வியா, இருபத்தொன்றா

1988 ஏப்ரல் 4. பால்டிமோரின் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். மில்வாக்கி அணியிடம் 12-0 என்று தோல்வி. அடுத்தடுத்து இன்னும் ஐந்து. ஆறாவது தோல்விக்குப் பிறகு மேனேஜர் கால் ரிப்கனை நீக்கினார்கள். மூத்த ரிப்கன் என்று அவரைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவருடைய மகன் கால் ரிப்கன்தான் அதே அணியின் ஷார்ட்ஸ்டாப். இன்னொரு மகன் பில்லி இரண்டாம் பேஸ். ஒரே அணியில் தன் இரு மகன்களுக்கும் மேனேஜராக இருந்த முதல் அப்பா அவர். வாழ்நாள் முழுக்க அந்த நிறுவனத்திலேயே உழைத்த மனிதருக்குக் கொடுத்த அவகாசம் ஆறு ஆட்டம்.

புதிய மேனேஜர் ஃபிராங்க் ராபின்சன். சாதாரண ஆள் இல்லை. ஆட்டக்காரராக அதே பால்டிமோருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 1975இல் அமெரிக்காவின் பெரிய லீகில் மேனேஜரான முதல் கறுப்பினத்தவர். அவர் வந்தார். அணி அடுத்த 15 ஆட்டங்களையும் தோற்றது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைக் கேட்டிருப்பீர்கள். இங்கே காக்கையைப் பிடித்து உட்கார வைத்தும் பழம் விழவில்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடலாம். அந்த வருடம் ஓரியோல்ஸ் ஏறக்குறைய மூன்றில் ஓர் ஆட்டம் ஜெயிக்கும் அணி. அப்படிப்பட்ட அணி ஏதாவது ஆறு ஆட்டங்களை வரிசையாகத் தோற்க எவ்வளவு வாய்ப்பு? மூன்றில் இரண்டை ஆறு முறை பெருக்கிப் பாருங்கள். நூற்றுக்கு ஒன்பது போல வரும். 162 ஆட்டம் ஆடும் சீசனில் இது அடிக்கடி எட்டிப்பார்க்கும் விருந்தாளி. மேனேஜர் யாராக இருந்தாலும் ஆறு தோல்வி வந்திருக்கலாம். அதைக் குற்றப்பத்திரிகையாக வைத்தது தவறு. இருபத்தொன்று வேறு கதை. அதற்கு வெறும் துரதிர்ஷ்டம் போதாது. அந்த 21 ஆட்டங்களில் ஓரியோல்ஸ் எடுத்த ரன் 44, விட்டுக்கொடுத்தது 129. ஆட்டத்துக்கு இரண்டு ரன் எடுக்கும் அணிக்குப் பிட்சரை ஏழாவது இன்னிங்ஸில் மாற்றினால் என்ன, எட்டாவதில் மாற்றினால் என்ன?

ஏப்ரல் 29 அன்று சிகாகோவில் ஒயிட் சாக்ஸ் அணியை 9-0 என்று வென்ற பிறகுதான் மூச்சு வந்தது. வேடிக்கை என்னவென்றால், 36 வருடம் கழித்து 2024இல் அதே ஒயிட் சாக்ஸ் 21 ஆட்டம் தொடர்ந்து தோற்று, அமெரிக்கன் லீகில் (பெரிய லீகின் இரண்டு பாதிகளில் ஒன்று) ஓரியோல்ஸின் சாதனையைச் சமன் செய்தது. அந்த வரிசை முறிந்த இரண்டாம் நாள் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை நீக்கினார்கள். அவர் காலத்தில் 28 வெற்றி, 89 தோல்வி. அதாவது நூற்றுக்கு 24. அவருக்குப் பிறகு இடைக்கால மேனேஜராக வந்த கிரேடி சைஸ்மோர் காலத்தில் 13 வெற்றி, 32 தோல்வி, நூற்றுக்கு 29. மாற்றத்தால் முன்னேற்றம் என்று சொல்ல விரும்புகிறவர் சொல்லலாம். ஜலதோஷம் மருந்து சாப்பிட்டால் ஏழு நாளில் போகும், சாப்பிடாவிட்டால் ஒரு வாரத்தில் போகும் என்பார்களே, அந்த வகை முன்னேற்றம்.

அப்புறம் ஏன் மேனேஜரையே நீக்குகிறார்கள்? ஆட்டக்காரர்களின் ஒப்பந்தப் பணம் உறுதி செய்யப்பட்டது. ஆடினாலும் ஆடாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். இருபத்தாறு பேரை ஒரே நாளில் மாற்ற முடியாது, ஒருவரை மாற்றலாம். டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு ஏதோ செய்தோம் என்று காட்டவும் வேண்டும். நான் பார்த்த வரை இது சிகிச்சையை விடச் சடங்குக்குத்தான் நெருக்கம்.

ராபின்சன் 1988ஐ 54 வெற்றி, 101 தோல்வி என்று முடித்தார். அடுத்த வருடம் அதே மனிதர், அதே பொறுமையின்மை, அதே குரல்: 87 வெற்றி, 75 தோல்வி. டொரான்டோ அணிக்கு இரண்டே ஆட்டம் பின்னால், தங்கள் பிரிவில் இரண்டாம் இடம். அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் விருதும் அவருக்கே. ஒரே வருடத்தில் அவர் புத்திசாலியாகிவிட்டாரா? சாமான் மாறியது.

இன்ஃபீல்டு: மலைப்பாதை ஓட்டுநர்கள்

இந்தப் பகுதியில்தான் ரசிகர்கள் மிகவும் தடுமாறுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இன்ஃபீல்டு என்பது அந்தச் சதுரத்தைச் சுற்றியுள்ள உள்வட்டம். அங்கே பிட்சர், பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் தவிர நான்கு பேர் நிற்கிறார்கள். முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர்கள். அப்புறம் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே ஷார்ட்ஸ்டாப். இவருக்கென்று பேஸ் கிடையாது.

பேட்டர் பக்கமிருந்து பார்த்தால் முதல் பேஸ் வலப்புறம், மூன்றாம் பேஸ் இடப்புறம். பேட்டர்களில் பெரும்பாலோர் வலது கையர்கள். தரையில் உருளும் அவர்களுடைய அடிகள் அதிகமும் இடப்பக்கமே போகும். ஆகவே ஷார்ட்ஸ்டாப்புக்கும் மூன்றாம் பேஸ்காரருக்கும் வேலை அதிகம். அதோடு, அவர்கள் எறிய வேண்டிய முதல் பேஸ் தூரத்தில் இருக்கிறது. பேட்டர் முதல் பேஸை அடைய நாலரை வினாடிகூட எடுப்பதில்லை. அதற்குள் ஓடி, குனிந்து, எடுத்து, திரும்பி, எறிய வேண்டும். மூன்றாம் பேஸ்காரருக்குப் பந்து குண்டு மாதிரி வரும். ஆனால் நகர வேண்டிய பரப்பு குறைவு. இரண்டாம் பேஸ்காரருக்குப் பரப்பு உண்டு; ஆனால் எறி குட்டை. ஷார்ட்ஸ்டாப்புக்குப் பரப்பும் அதிகம், எறியும் நீளம். முதல் பேஸ்காரருடைய முக்கிய வேலை மற்றவர்கள் எறிவதைப் பிடிப்பது.

இதிலிருந்து ஓர் ஏணி கிடைக்கிறது. உச்சியில் ஷார்ட்ஸ்டாப். அதற்குக் கீழே இரண்டாம், மூன்றாம் பேஸ். அடிப்படியில் முதல் பேஸ். ஊட்டி மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவரைத் திருச்சி பைபாஸில் விட்டால் விசில் அடித்துக்கொண்டு ஓட்டுவார். பைபாஸில் மட்டும் ஓட்டியவரைக் கொண்டைஊசி வளைவில் விட்டால் பயணிகள் சாமி கும்பிட வேண்டியதுதான். ஷார்ட்ஸ்டாப்பைக் கீழே இறக்கலாம். கீழே உள்ளவரை மேலே ஏற்றுவது அபூர்வம். 'முதல் பேஸ்காரர் நன்றாக அடிக்கிறாரே, அவரை இரண்டாம் பேஸில் போட்டுவிட்டு இன்னொரு அடிப்பவரையும் சேர்க்கலாமே' என்று சொல்கிறவர் இந்த ஏணியை மறந்துவிட்டார்.

அபூர்வம் என்றேன்; நடந்ததே இல்லை என்று சொல்லவில்லை. இளைய ரிப்கன் 1982இல் மூன்றாம் பேஸில் ஆடிக்கொண்டிருந்தார். உயரம் 193 சென்டிமீட்டர். அந்தக் காலத்து ஷார்ட்ஸ்டாப் என்றால் குள்ளமாக, ஒல்லியாக, துறுதுறுவென்று இருப்பார் என்பது நம்பிக்கை. அன்றைய மேனேஜர் ஏர்ல் வீவர் ஜூலை 1ஆம் தேதி ரிப்கனை ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிறுத்தினார். இவ்வளவு பெரிய உடம்பு குனிந்து எழ முடியுமா என்கிற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் ரிப்கன் வேகத்தை நம்பவில்லை. எந்தப் பேட்டருக்குத் தன் பிட்சர் என்ன எறியப்போகிறார், அது எந்தப் பக்கம் வரும் என்று கணித்து, பந்து வருவதற்கு முன்பே அங்கே போய் நிற்பார். கை பலமானது என்பதால் மற்றவர்களை விடக் கொஞ்சம் பின்னால் நின்றாலும் எறி போய்ச் சேரும். ஏணியில் மேலே ஏற்றி வெற்றி கண்ட கதை இது. அடுத்த வருடம் அவர் அமெரிக்கன் லீகின் சிறந்த ஆட்டக்காரர், ஓரியோல்ஸுக்குக் கோப்பை.

பிழை எண்ணிக்கை என்ற கண்ணி

ரசிகர்கள் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் பிழைக் கணக்கு. பிழை என்பது, சாதாரணமாகச் செய்திருக்க வேண்டிய ஒன்றை ஒருவர் கோட்டை விட்டார் என்று ஆட்டத்தின் அதிகாரபூர்வ குறிப்பாளர் எழுதுவது. இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பந்தை எட்டியவருக்குத்தான் பிழை எழுதுவார்கள். எட்டாமல் நின்று வேடிக்கை பார்த்தவருக்குப் பிழை இல்லை. பாத்திரம் தேய்க்கிறவர் கையில்தான் பாத்திரம் உடையும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் எதையும் உடைப்பதில்லை.

1990இல் இளைய ரிப்கன் 161 ஆட்டங்களில் செய்த பிழை மூன்றே மூன்று. பந்தைத் தடுப்பதில் சிறந்தவருக்குக் கொடுப்பது தங்கக் கையுறை விருது. அந்த வருடம் ஷார்ட்ஸ்டாப்புக்கான விருது அவருக்கா கிடைத்தது? இல்லை. சிகாகோவின் ஆஸி கியேனுக்குப் போனது. இது அநியாயம் என்பது ஒரு கட்சி. கியேன் எட்டிய பந்துகளை ரிப்கன் எட்டியிருக்க மாட்டார் என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சிதான். ஆனால் மூன்று பிழை என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதை நிரூபிக்க முடியாது என்று ஒப்புக்கொள்கிறேன்.

பேட்டிங் சராசரியும் இப்படி ஏமாற்றும். எத்தனை முயற்சியில் எத்தனை நல்ல அடி என்பது சராசரி. 1988இல் பில்லி ரிப்கனின் சராசரி .207, அதாவது ஐந்துக்கு ஒன்று. எண்ணைப் பார்த்தவர் 'இவரைத் தூக்கு' என்பார். ஆனால் இரண்டாம் பேஸும் ஷார்ட்ஸ்டாப்பும் ஒரு ஜோடி. ஓர் அடியில் இரண்டு அவுட் எடுக்கும் இரட்டை அவுட்டுக்கு ஒருவர் பந்தை எடுத்து மற்றவருக்குத் தள்ள, அவர் வாங்கிய வேகத்தில் சுழன்று முதல் பேஸுக்கு எறிய வேண்டும். யோசிக்க நேரமில்லை, பழக்கம்தான் வேலை செய்யும். ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேர் அதைச் செய்தார்கள். ஒருவரை மாற்றினால் மற்றவரின் ஆட்டமும் மாறும். 1989இல் இரண்டாம் இடம் வரை வந்த அணியிலும் அந்த ஜோடிதான் நடுவில் நின்றது.

சுருக்கமாக: இன்ஃபீல்டு நாலு நாற்காலி அல்ல, ஓர் ஏணி, ஆள் மாற்றினால் அருகிலிருப்பவரும் மாறுவார். அதன் பலன் தெரிய ஒரு சீசன் வேண்டும்.

டிரேடு: தோப்பைக் குத்தகைக்கு மாற்றுவது

டிரேடு என்றால் ஆட்டக்காரர்களை அணிகள் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வது. ஏலம் இல்லை. 'நம்ம சோம்பேறியைக் கொடுத்துவிட்டு அவர்களுடைய நட்சத்திரத்தை வாங்கு' என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பழைய குக்கரைக் கொடுத்துப் பக்கத்து வீட்டு கிரைண்டரைக் கேட்கிற மாதிரி. எதிரே இருப்பவரும் சம்மதிக்க வேண்டும் என்பது மறந்துபோகும்.

முக்கியமான விஷயம் இது: டிரேடில் கைமாறுவது ஆள் மட்டுமல்ல, அவர்மேல் மிச்சமிருக்கும் வருடங்களும். பெரிய லீகுக்கு வரும் ஒரு ஆட்டக்காரர், தானாக வேறு அணிக்குப் போகும் சுதந்திரம் பெற ஆறு வருடம் ஆட வேண்டும். முதல் மூன்று வருடம் போல ஊதியம் குறைந்தபட்ச அளவை ஒட்டியே இருக்கும். அடுத்த மூன்றில் பேரம் பேசி ஏறும். ஆறும் முடிந்தால், யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போகலாம். மாந்தோப்புக் குத்தகை போலத்தான். மரம் எவ்வளவு காய்க்கும் என்பதோடு, குத்தகை எத்தனை வருடம் பாக்கி என்பதும் சேர்ந்தே விலை.

தோற்கிற அணிக்கு இந்த வருடக் காய்ப்பால் பயனில்லை. ஜெயிக்கிற அணிக்கு இந்த வருடமே காய் வேண்டும். அதனால் ஜூலை கடைசியில், டிரேடுக்கான கெடு முடிவதற்குள், காய்க்கிற மரத்தைக் கொடுத்துக் கன்று வாங்கும் வியாபாரம் சூடு பிடிக்கும். கன்று என்பது பெரும்பாலும் மைனர் லீகில், அதாவது பெரிய அணிகள் இளைஞர்களை வளர்க்கும் கீழ்நிலை லீகுகளில் ஆடுகிறவர்கள்.

1988 ஜூலை கடைசியில் ஓரியோல்ஸ் செய்ததும் அதுதான். அனுபவமுள்ள பிட்சர் மைக் பாடிக்கரை பாஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு இளைஞர்களை வாங்கியது: 24 வயது பிராடி ஆண்டர்சன், 21 வயது கர்ட் ஷில்லிங். அன்றைக்குப் பார்த்தால் பாஸ்டனுக்கு லாபம். அந்த வருடம் அவர்கள் தங்கள் பிரிவை ஒரே ஆட்ட வித்தியாசத்தில் வென்றார்கள். பாடிக்கர் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆண்டர்சனோ முதல் சில வருடங்கள் சுமாருக்கும் கீழே. 1992இல்தான் பூத்தார். 1996இல் 50 ஹோம் ரன் (நம் சிக்சர் போல மைதானத்து வேலியைத் தாண்டும் அடி) அடித்தார். 2001 வரை பால்டிமோரில் ஆடினார். பாடிக்கர் 1990 சீசன் முடிந்ததும் பாஸ்டனை விட்டுப் போய்விட்டார். இரண்டு அணிக்குமே நல்ல வியாபாரம். ஆனால் 1989இலோ 1990இலோ ஒரு பால்டிமோர் ரசிகரிடம் கேட்டிருந்தால் ஏமாந்துவிட்டோம் என்றிருப்பார்.

ஃபிராங்க் ராபின்சனே ஒரு டிரேடில் பால்டிமோருக்கு வந்தவர்தான். 1965 டிசம்பரில் சின்சினாட்டி அணி, முப்பது வயதிலேயே இவர் கிழவர் என்கிற நினைப்பில் அவரை அனுப்பிவிட்டது. அடுத்த வருடமே பேட்டிங் சராசரி, ஹோம் ரன், அடித்துக் கொண்டுவந்த ரன் மூன்றிலும் லீகில் முதலிடம், அணிக்குக் கோப்பை. அந்த டிரேடின் தீர்ப்பு மட்டும் ஒரே வருடத்தில் வந்துவிட்டது. விதிவிலக்கு இல்லாத விதி ஏது.

சுருக்கமாக: டிரேடில் கைமாறுவது வருடங்கள். கன்று காய்க்கும் முன் கணக்கை முடிக்க முடியாது.

மூன்றும் ஒரே இடத்தில் மோதியபோது

1989இன் இனிப்பு நாக்கிலேயே இருந்தது. 1990இல் 76 வெற்றி, 85 தோல்வி என்று அணி சறுக்கியது. பெரிய அடி அடிக்கிற ஒருவர் வேண்டும் என்று 1991 ஜனவரியில் ஹூஸ்டன் அணியிலிருந்து கிளென் டேவிஸைக் கொண்டுவந்தார்கள். ஹோம் ரன்களுக்குப் பேர்போன முதல் பேஸ்காரர். அவருக்காகக் கொடுத்தது மூன்று பேரை: ஸ்டீவ் ஃபின்லி, பீட் ஹார்னிஷ், அப்புறம் அதே கர்ட் ஷில்லிங்.

ஏணியை நினைத்துப் பாருங்கள். முதல் பேஸ் அடிப்படி. அங்கே நிறுத்த ஆள் கிடைப்பதுதான் சுலபம். பால்டிமோரிடம் ஏற்கெனவே ராண்டி மில்லிகன் அங்கே இருந்தார். 1990இல் 20 ஹோம் ரன் அடித்தவர். சுலபமாகக் கிடைக்கும் இடத்துக்கு, குத்தகை நிறைய பாக்கியிருந்த மூன்று இளங்கன்றுகளைக் கொடுத்தார்கள். டேவிஸ் முதல் சீசனிலேயே கழுத்து நரம்புக் கோளாறில் படுத்தார். பால்டிமோரில் மூன்று சீசனில் அவர் அடித்தது மொத்தம் 24 ஹோம் ரன். காயம் யார் கையிலும் இல்லை என்பது சரிதான். ஆனால் காயமே படாமலிருந்தாலும் நான் இதை நல்ல டிரேடு என்று சொல்ல மாட்டேன். ஃபின்லி 2007 வரை ஆடி 300க்கு மேல் ஹோம் ரன் அடித்தார். ஹார்னிஷ் 111 ஆட்டம் ஜெயித்தார். ஷில்லிங் 216. ஃபின்லியும் ஷில்லிங்கும் 2001இல் அரிசோனா அணிக்காகச் சேர்ந்து கோப்பை தூக்கியபோது, அந்த டிரேடுக்குப் பத்து வயது.

1991 மே மாதம், 13 வெற்றி 24 தோல்வி என்றிருந்தபோது ராபின்சனை நீக்கினார்கள். அவர் இடத்துக்கு ஜானி ஓட்ஸ் வந்தார். இளைய ரிப்கன் அந்த வருடம் மீண்டும் லீகின் சிறந்த ஆட்டக்காரர்; தங்கக் கையுறையும் ஒருவழியாகக் கிடைத்தது. மூன்றாம் பேஸ் ஓரத்தில் கோச்சாக நின்று ஓடுகிறவர்களுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தவர் மூத்த ரிப்கன். 1989லேயே அவரைத் திரும்ப அழைத்திருந்தார்கள்.

மூத்த ரிப்கன் மேனேஜராக இருந்த 1987இல் ஓரியோல்ஸின் கணக்கு 67 வெற்றி, 95 தோல்வி. அவருக்குப் பிறகு மேனேஜர் நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்து, முதல் பேஸுக்கு ஒரு நட்சத்திரம் வந்து, மூன்று இளைஞர்கள் போய், 1991 முடிந்தபோது கணக்கு 67 வெற்றி, 95 தோல்வி.